கோட்டூர் யானை மறுவாழ்வு மையம்

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டிய காப்புக்காட்டில், 2006-இல் வனத்துறை தொடங்கிய மையம். தாயை இழந்த அல்லது கூட்டத்தைப் பிரிந்த யானைக் கன்றுகளும், நோயுற்ற, முதிர்ந்த யானைகளும் இங்குப் பராமரிக்கப்படுகின்றன. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களுக்கு வடக்கே, அகத்தியமலை அடிவாரத்தில் உள்ளது.

முன்வரலாறு: திருவிதாங்கூரில் யானையைப் பிடித்துப் பழக்குவது அரசுத் தொழிலாக இருந்தது. காட்டில் குழி வெட்டி மேலே கிளையும் இலையும் பரப்பி மூடுவார்கள். விழுந்த யானையைக் கும்கி எனும் பழக்கிய யானைகளின் துணையோடு கயிறு கட்டி ஏற்றி, கம்பக மரத்தால் செய்த கூட்டில் அடைத்துப் பழக்குவார்கள். கேரளத்தின் கோன்னியில் 1942-இல் கட்டிய கூடு இன்றும் நிற்கிறது. இளம் யானைகள் எளிதில் பழகும் என்பதால் அவற்றுக்கே மதிப்பு அதிகம். தாயிடமிருந்து கன்றைப் பிரித்த இந்தக் கொடிய வழக்கம் 1977-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு வனத்துறையின் யானை முகாம்களுக்கு வந்த கன்றுகள் பெரும்பாலும் காட்டில் தனியே கண்டெடுக்கப்பட்டவை.

கன்று வளர்ப்பு: கன்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாய்ப்பாலை நம்பியிருக்கும். பசும்பால் அதற்குச் செரிக்காது. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக், குழந்தைகளுக்கான பால்மாவில் தேங்காய் எண்ணெய் கலந்து கொடுத்து வழி கண்டார். அவர் வளர்த்த ஆயிஷா என்ற கன்று, அவர் சில நாள் பிரிந்திருந்த வேளையில் ஏங்கி இறந்தது. ஒரே ஆளை ஒட்டி வளராமல் பலர் மாறி மாறிக் கவனிக்கும் முறை அதிலிருந்து வந்தது.

இலங்கையில் இரு வழிகள் உள்ளன. 1975-இல் தொடங்கிய பின்னவலையில் கன்றுகள் ஆயுள் முழுதும் மனிதர் பொறுப்பிலேயே இருக்கும். 1995-இல் தொடங்கிய உடவளவை இடைத்தங்கல் மையத்தில் மனிதத் தொடர்பைப் பாலூட்டும் நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கன்றுகள் தமக்குள் கூட்டமாகப் பழகி, வளர்ந்ததும் குழுவாகக் காட்டுக்குப் போகின்றன. 1998 முதல் நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படித் திரும்பியுள்ளன. அனாதைக் கன்றுக்குச் செய்யத்தக்க முழு உதவி இதுவே. கோட்டூரின் விரிவாக்கம் பின்னவலையை முன்மாதிரியாகக் கொண்டது. பெயரில் மறுவாழ்வு இருந்தும் இங்கு வளரும் கன்றுகள் பாகனுக்கும் கட்டளைக்கும் பழகிய முகாம் யானைகளாகின்றன. தமிழகத்தின் களக்காடு முண்டந்துறை வரை தொடரும் காடு பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது.

2019-இல் தென்மலைக் காட்டில் மீட்கப்பட்டு இங்கு வளர்ந்த ஸ்ரீகுட்டி என்ற கன்று, அடுத்த ஆண்டு முதல் பிறந்தநாள் கொண்டாடப்பட்டு மக்களின் செல்லமானது. 2021 ஜூனில் யானைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸால் இறந்தது. சில நாட்களில் அர்ஜுன் என்ற மற்றொரு கன்றும் அதே நோயால் மாண்டது.

இன்றைய நிலை: சுமார் 108 கோடி ரூபாய் மதிப்பிலான விரிவாக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு.