வானத்திலிருந்து பார்த்த புறநகர்

1950-இல் கலிபோர்னியாவின் லேக்வுட்டில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒருசேர எழுந்தபோது, அவற்றைக் கட்டியவர்களின் வேண்டுகோளின்படி வில்லியம் கார்னெட் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள், பிற்பாடு அமெரிக்கப் புறநகருக்குத் தனி முகம் கிடையாது என வாதிட்டோரின் சான்றாயின. 1962-இல் மால்வினா ரெனால்ட்ஸ், சான் பிரான்சிஸ்கோவை அடுத்த டேலி சிட்டியின் குன்றுகளில் வரிசைகட்டி நின்ற வீடுகளைச் சிறு பெட்டிகள் என்று கேலிசெய்து பாட்டெழுதினார். இரண்டுமே தொலைவிலிருந்து பார்த்த பார்வைகள்.

இந்தக் கேலிக்கு முதலில் ஆளான ஊர், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், 1947 முதல் 1951 வரை லெவிட் நிறுவனம் 17,447 வீடுகள் கட்டிய லெவிட்டவுன் ஆகும். கேலி காரணமற்றதன்று: தொழிற்சாலையில் பொருள் நகரும், ஆள் நிற்பார், இங்கோ வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள், சிவப்பு பூசுபவர் சிவப்பை மட்டும் பூசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக, வெள்ளை பூசுபவர் பின்னால் வந்தார். ஆயினும் தொடக்கத்தில் கட்டப்பட்ட, கேப் காட் எனப்படும் சரிகூரைச் சிறுவீட்டின் மேல்தளம் வேலை முடிக்கப்படாமலேயே விடப்பட்டிருந்ததால், குடிவந்தோர் கூரையைத் திறந்து சன்னல் வைத்தும், பிள்ளைகளுக்கு அறை எடுத்தும், பக்கத்தில் கார் கொட்டகை இறக்கியும் வந்ததில், பழைய வடிவம் மாறாத வீடு அங்கே அரிதாகிவிட்டது. அதே நிறுவனம் அதே பெயரில் நியூ ஜெர்சியில் கட்டிய லெவிட்டவுனில் 1958-இல் தாமே குடியேறி ஏறத்தாழ ஈராண்டு வாழ்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், வர்க்கத்தாலும் சமயத்தாலும் பிள்ளைகளின் பள்ளி பற்றிய எண்ணத்தாலும் வேறுபட்டு ஓயாது வாதாடிய மக்களையே அங்கு கண்டதாக 1967-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

வீடுகளின் ஒற்றுமையைப் பழித்தவர்களில் பலர், முகங்களின் ஒற்றுமையை அந்த அளவுக்குப் பொருட்படுத்தவில்லை என்பதே வியப்பு. லாங் ஐலண்ட் லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தங்கள் வெள்ளையரல்லாதார் குடியிருப்பதை வெளிப்படையாகத் தடுத்தன. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், கறுப்பினத்தவருக்கு வீடு விற்க நிறுவனம் மறுத்தே வந்தது. 1957 ஆகஸ்டில் அந்நிறுவனமே பென்சில்வேனியாவில் கட்டிய லெவிட்டவுனில், முன்பு குடியிருந்தவரிடமிருந்து வீடு வாங்கி வில்லியம், டெய்சி மயர்ஸ் தம்பதியினர் குடிபுகுந்தபோது, இரவுதோறும் கூட்டம் திரண்டது; கல்லெறிந்து முன்பக்கச் சன்னல் உடைக்கப்பட்டது; மாநிலக் காவல்துறை வந்து காவல் நிற்க வேண்டியதாயிற்று.