கம்பெனி போய்விட்டது, கார் இருக்கிறது

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி சென்னை பக்கம் போனால் கார் சரித்திரத்தில் பாதியை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். முதலில் பரனூர். அங்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் ரெனோ-நிசானின் தொழில்நுட்ப மையம். அடுத்தது சிங்கப்பெருமாள் கோயில்; அங்கே இடது பக்கம் திரும்பினால் ஒரகடம், நிசான் கார்கள் தயாராகும் ஆலை. திரும்பாமல் நேராகப் போனால் மறைமலை நகர், 2022ல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு ஆலை. இன்னும் மேலே போனால் வண்டலூர், பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கேதான் இருந்தது.

நாலு கார் பைத்தியங்கள் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஜப்பான் காரில்தான் வந்து நிற்கும். "என்னென்ன வசதி இருக்கு? வாரண்டி எத்தனை வருஷம்? வச்சு ஓட்டினா கையைக் கடிக்குமா?" இந்த மூன்று கேள்விகளும் எப்போதும் உண்டு. நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, பத்து வருஷம் கழித்துத்தான் ஞாபகம் வரும்: இந்தக் கம்பெனி அதுவரை இங்கே இருக்குமா?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் முதல் பாடம் எடுத்தது ஜப்பான் கார் இல்லை, ஸ்டாண்டர்டு 2000. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கஸெல் எல்லாம் செய்த அதே கம்பெனி 1985ல் இதைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அந்த ரோவர் 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. ஆனால் உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு காலத்து வம்சத்தில் வந்த 2 லிட்டர் இன்ஜின். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாட்டு வண்டி ஓட்டிய மாதிரி! விலையும் அதிகம். 1988ல் தயாரிப்பு நின்றது, ஆலையும் மூடியது. காசு கொடுத்து வாங்கியவரிடம் ரோவர் உடம்பும் ஆர்.சி. புக்கும் மிச்சம்.

இதே சமயத்தில் வடக்கே வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. 1981ல் மத்திய அரசு மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1982 அக்டோபரில் சுசூகியுடன் ஒப்பந்தம். சுசூகியின் பங்கு அப்போது 26 சதவீதம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சக்கரம் இழுக்கும் வண்டி, விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. கார் கண்ணால் பார்க்கக் கிடைப்பதற்கு முன்பே பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புக் செய்துவிட்டார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் என்பதே அன்றைக்குப் பெரிய வசதி. அம்பாசிடரையும் பத்மினியையும் தள்ளிப் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் 800ஐ முப்பது வருஷம் நிற்க வைத்தது அந்த இன்ஜின் மட்டும் இல்லை. பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அதற்காகவே சின்னச் சின்ன ஆலைகள் கிளம்பின. ஜப்பான்காரர்களின் தரக் கணக்கும் அந்த வழியாகவே உள்ளே வந்தது. அமெரிக்கரான டெமிங் 1950ல் ஜப்பானில் போய்ப் பாடம் எடுத்தார். அடுத்த வருஷமே அவர் பெயரில் ஜப்பான்காரர்கள் ஒரு பரிசு வைத்தார்கள். அந்த டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன், 1998ல். அப்போது பிரேக் சம்பந்தப்பட்ட பாகங்கள் செய்த கம்பெனி அது. கார் பேச்சில் பாடியின் பெயர் வருவதே இல்லை. ஒரு காரை ஜப்பான் கார் என்று சொல்லும்போது அதன் உள்ளே பாடியும் அம்பத்தூரும் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாகம் உள்ளூரில் செய்தால் என்ன ஆகும்? ஜி.பி. ரோட்டுக் கடைகளில் புதுசு கிடைக்கும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். செங்கல்பட்டு ஒர்க்ஷாப் மெக்கானிக் ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் மறுநாள் அவரே டாக்டர். 800ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆனால் வைத்திருந்தவர்கள் யாரும் அழவில்லை.

இப்போது லேன்ஸர் கதைக்கு வருவோம். கார் பிரியர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகமே மாறும். 1996லிருந்து 1999 வரை தொடர்ந்து நாலு வருஷம் டாமி மாக்கினென் உலக ராலி பட்டம் வாங்கியது மிட்சுபிஷி லேன்ஸரில்தான். அந்தப் புகழ் உச்சத்தில் இருந்தபோது, 1998ல், திருவள்ளூரில் லேன்ஸர் தயாரிக்க ஆரம்பித்தார்கள். (மாக்கினென் ஓட்டிய எவல்யூஷன் இல்லை; 1.5 லிட்டர் பெட்ரோலும் 2 லிட்டர் டீசலும்தான். ஆனாலும் பெயர் பெயர்தானே.) தயாரித்தது யார் தெரியுமா? அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். தொழில்நுட்பம் மிட்சுபிஷியுடையது, ஆலை ஹிந்துஸ்தானுடையது.

அதே 1998 ஜனவரியில் ஹோண்டா சிட்டி வந்தது. 2000ல் அதில் விடெக் இன்ஜின் வைத்தார்கள், 106 குதிரைத்திறன். இன்றைக்கும் அந்த முதல் தலைமுறை சிட்டியைத் தேடி அலைபவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் இரண்டில் லேன்ஸர்தான் நல்ல கார் என்று சொல்வார்கள், சண்டைக்கும் வருவார்கள். ஆனால் ஹோண்டா தானே கடை வைத்திருந்தது, அடுத்தடுத்த சிட்டிகளைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது. லேன்ஸருக்குப் பின் 2006ல் சீடியா வந்தது, அதற்கு முன்பே பஜேரோ வந்தது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் விற்றன. கொஞ்சம் விற்கும் காருக்கு இங்கே யாரும் பாகம் செய்ய மாட்டார்கள். கப்பலில் வர வேண்டும், சுங்க வரி கட்ட வேண்டும், அதுவரை கார் ஒர்க்ஷாப்பில் தூசி வாங்க வேண்டும். ஒரே பாகம் என்றாலும் லட்சம் பேருக்குச் செய்தால் ஒரு விலை, ஆயிரம் பேருக்கு வரவழைத்தால் வேறு விலை. செலவுக் கணக்கியல் பாடத்தில் நிலையான செலவு என்று படிப்பது இதைத்தான்.

பிறகு மெதுவாக மிட்சுபிஷி இந்த நாட்டுச் சாலையிலிருந்து மறைந்தது. ஒரு நாள் திடீரென்று கதவைச் சாத்தவில்லை. ஒவ்வொரு ஷோரூமாகப் பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான்.

டொயோட்டா இன்னொரு விதம். 2000ல் குவாலிஸ் வந்தது. பார்ப்பதற்குப் பெட்டி மாதிரி, இந்தோனேஷியாவில் ஓடிய கிஜாங் வண்டியின் வாரிசு, 2.4 லிட்டர் பழைய டீசல் இன்ஜின். பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆனால் மாமல்லபுரம் டூரிஸ்ட் வண்டிக்காரர்களும் கால் டாக்சிக்காரர்களும் அள்ளிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் வண்டி நிற்காமல் ஓடியது. லட்சத்துக்கும் மேல் விற்று, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 2005ல் டொயோட்டா அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தது! அப்போது பலர் திட்டினார்கள். ஆனால் வண்டிதான் போனது, கம்பெனி போகவில்லை. குவாலிஸ் ஓனர் அதே ஷோரூமுக்கே போக முடிந்தது. ஸ்டாண்டர்டு 2000 ஓனருக்கும் குவாலிஸ் ஓனருக்கும் உள்ள தூரம் இதுதான்.

இங்கே வாரண்டி என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பி.காம். மாணவர்களுக்குப் பரீட்சையில் தவறாமல் வரும் கேள்வி: 1930ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் கண்டிஷனுக்கும் வாரண்டிக்கும் என்ன வித்தியாசம்? 12ம் பிரிவு. கண்டிஷன் என்பது ஒப்பந்தத்தின் உயிர்; அது மீறப்பட்டால் பொருளே வேண்டாம் என்று திருப்பித் தரலாம். வாரண்டி என்பது பக்கத்தில் ஒட்டிய வாக்கு. மீறினால் நஷ்ட ஈடு கேட்கலாம், பொருளைத் திருப்ப முடியாது. ஷோரூமில் "வாரண்டி இருக்கு சார்" என்று சொல்லும்போது அதையே பெரிய கோட்டை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அதைச் சின்னத் தம்பியாகத்தான் வைத்திருக்கிறது. கம்பெனி தரும் புத்தகத்தைப் பிரித்தால் இன்னும் சுருங்கும். இத்தனை வருஷம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. டயருக்கும் பேட்டரிக்கும் அதைச் செய்தவரைப் போய்க் கேளுங்கள். பிரேக் பேட், கிளட்ச் மாதிரி தேயும் சாமான்கள் கணக்கில் வராது. வெளியே சர்வீஸ் செய்தால் வாக்குவாதம்.

மாருதி பல காலம் 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றுதான் கொடுத்தது. 2024 ஜூலையில்தான் 3 வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று ஏற்றியது. வாரண்டி குறைவாக இருந்த அந்த வருஷங்களிலும் அதிகம் விற்றது மாருதிதான். வாங்கியவர்கள் வேறு எதையோ நம்பி வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வாரண்டிக்கு மேலே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் கார் வாங்கிய திருக்கழுக்குன்றத்துக்காரர் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் கவனம்.

சரி, ஒரகடம். 2008ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் ஆலை திறந்தார்கள். வருஷத்துக்கு 4 லட்சம் கார் என்பது திட்டம். அந்த வருஷமே நிசான் மைக்ரா வந்தது; எண்ணூர் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறியது. ஒரகடத்தில் பூட்டிய கார் ஐரோப்பாவில் ஓடியது என்று பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அப்புறம் டாட்சன். நிசானின் பழைய பெயர் இது, 1930களில் பிறந்தது, 1980களில் கைவிடப்பட்டது. கார்லோஸ் கோஸன் அதை உயிர்ப்பித்து, முதல் முறை கார் வாங்குபவர்களுக்கு என்று டாட்சன் கோ காரை 2014 மார்ச்சில் இறக்கினார். டெல்லியில் 3.12 லட்சம் ரூபாய்க்கு ஆரம்பம். மைக்ராவின் 1.2 லிட்டர் இன்ஜின், நல்ல இடவசதி. ஆனால் பாட்டுப் பெட்டி இல்லை, செல்போனை மாட்டிக்கொள்ள ஒரு பிடி. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அதே வருஷம் நவம்பரில் குளோபல் என்கேப் அதை மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் வைத்தாலும் பிரயோஜனம் இல்லாத அளவுக்கு உடம்பு பலவீனம் என்றார்கள். அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, விற்பனையை நிறுத்துங்கள் என்று கோஸனுக்கே கடிதம் எழுதினார். இந்தியச் சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது என்று நிசான் பதில் சொன்னது. உண்மைதான், அன்றைய சட்டம் அவ்வளவுதான் கேட்டது. ஆனால் ஐரோப்பாவுக்குப் போன மைக்ராவும் உள்ளூருக்கு வந்த கோவும் ஒரே ஆலையில் பிறந்தவை என்பதை நினைத்தால் கசக்கிறது. இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா கோ கார்களுக்கும் வந்தது 2018 அக்டோபரில்தான்.

2016ல் ரெடி-கோ வந்தது. 2022 ஏப்ரலில் டாட்சனை நிறுத்துவதாக நிசான் அறிவித்தது. சர்வீஸ், பாகம், வாரண்டி எல்லாம் தொடரும் என்றும் சொன்னது. லேன்ஸர் விஷயத்தில் மிட்சுபிஷி ஆலை முதலாளி இல்லை, அதனால் போய்விட்டது என்று சமாதானம் சொல்லலாம். இங்கே ஆலையின் பெரிய பங்கே நிசானிடம்தான் இருந்தது, அப்படியும் டாட்சன் போனது. 2025 மார்ச் 31 அன்று ஆலையில் நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோ வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. நிசான் இந்தியாவை விட்டுப் போகவில்லை, மேக்னைட் அங்கேயே தயாராகும் என்றார்கள். அதே 2025ல் மேக்னைட்டின் வாரண்டியைக் காசு கட்டி 10 வருஷம் வரை நீட்டிக்கொள்ளலாம் என்று நிசான் ஒரு திட்டமும் கொண்டுவந்தது. ஆலையை விற்ற வருஷத்தில் பத்து வருஷ வாக்கு! நல்ல வியாபாரப் புத்தி என்று எடுத்துக்கொள்வதா, தைரியமாக இருங்கள் என்று தட்டிக் கொடுப்பதாக எடுத்துக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம்.

டாட்சன் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டர்டு 2000 ஓனர்கள் மாதிரி ஆகிவிட்டார்களா? அங்கேதான் ஒரு அதிர்ஷ்டம். ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளத்தில் செய்த அண்ணன் தம்பிகள், இன்ஜினும் ஒரே குடும்பம். மைக்ராவுக்கு ரெனோ பல்ஸ், சன்னிக்கு ஸ்காலா, டெரானோவுக்கு டஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு. ஆகவே நிசான் கடையில் இல்லாத ஃபில்டரோ பிரேக் பேடோ ரெனோ கடையில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் செலவைக் குறைக்கத்தான் இப்படிச் செய்தன, ஓனரை நினைத்து இல்லை. ஆனாலும் ஓனருக்கு உதவுகிறது. விளக்கு, பம்பர், கதவு மாதிரி வெளியே தெரியும் பாகங்களுக்குத்தான் இந்த வழி இல்லை. அவை அந்தந்தக் காருக்கே உரியவை. அதற்குப் புதுப்பேட்டைதான்.

தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025ல் 10,000. லேன்ஸரையும் முதல் சிட்டியையும் இன்னும் வைத்திருப்பவர்கள் இந்தப் பணத்தைக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். டாட்சன்காரர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. 2022ல் பதிவான கடைசி ரெடி-கோக்களின் ஆர்.சி. 2037 வரை செல்லும்.