ரேனுவாரின் ஒக்சித்தான் ஆய்வு: நிலைத்த விதியும் நிலைக்காத கருதுகோளும்

முன்னுரை

பிரான்சின் தென்பகுதியில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செழித்தவை துருபதூர் கவிஞர்களின் பாடல்கள். அவற்றின் மொழி ஒக்சித்தான். ‘ஆம்’ என்னும் பொருளுடைய ‘ஒக்’ என்ற சொல்லைக் கொண்டு தாந்தே இம்மொழியைப் பிறவற்றினின்றும் பிரித்துக் காட்டினார். 1539ஆம் ஆண்டின் வில்லர்-கொத்ரே அரசாணை, நீதிமன்ற, ஆட்சி ஆவணங்களில் பிரெஞ்சை நிலைநிறுத்தியது. 1794இல் கிரெகுவார் பாதிரியார், பிரெஞ்சு அல்லாத வழக்குகளை ஒழிக்க வேண்டும் என்று தேசிய மன்றத்தில் அறிக்கை அளித்தார். 22 ஆண்டுகள் கழித்து, அவ்வாறு இகழப்பட்ட மொழியின் பழங்கவிதைகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார் பிரான்சுவா ரேனுவார் (1761–1836). 1816 முதல் 1821 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அவருடைய ஆய்வில் நிலைத்தது எது, வீழ்ந்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேற்றுமை விதி

பழைய ஏடுகளில் ‘சுவர்’ என்னும் பொருளுடைய சொல் ஓரிடத்தில் ‘முர்ஸ்’ எனவும் வேறோரிடத்தில் ‘முர்’ எனவும் காணப்படும். இதனைப் படியெடுத்தோரின் பிழை எனக் கருத இடமுண்டு. ரேனுவார் இதனை விதி என நிறுவினார். ஒருமையில் எழுவாய் ‘முர்ஸ்’, எழுவாயல்லாதது ‘முர்’. பன்மையில் எழுவாய் ‘முர்’, எழுவாயல்லாதது ‘முர்ஸ்’. இலத்தீனின் முரூஸ், முரும், முரி, முரோஸ் ஆகிய நான்கு வடிவங்களின் எச்சமே இது. 13ஆம் நூற்றாண்டு இலக்கணமான ‘டோனத்ஸ் புரோவன்சால்ஸ்’ இவ்விதிக்குச் சான்று பகர்கிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விதி இன்றியமையாதது. யாப்பின் பொருட்டுச் சொல்வரிசை மாறும் கவிதையில், செய்தவர் யார், செயலுக்கு உட்பட்டவர் யார் என்பதை இறுதியில் நிற்கும் ஓர் ஒற்றே பல இடங்களில் உணர்த்துகிறது. அதனைக் கவனியாதார் காதலனையும் காதலியையும் இடம் மாற்றிவிட நேரும்.

மூலமொழிக் கருதுகோள்

ரேனுவார் இத்துடன் அமையவில்லை. இலத்தீனுக்கும் பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலியவற்றுக்கும் இடையே ‘ரொமான்’ என்னும் பொதுமொழி ஒன்று நிலவியது என்றும், துருபதூர்களின் மொழி அதனைப் பெரிதும் சிதையாமல் காத்தது என்றும் வாதிட்டார். கி.பி. 842ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழியையும் அதற்குச் சான்றாகக் கொண்டார்.

இதற்கு மறுப்புகள் விரைவில் எழுந்தன. பின்னாளில் பான் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் கற்பித்த ஏ. டபிள்யூ. ஷ்லேகல், 1818இல் எழுதிய நூலில் ரேனுவாரின் உழைப்பைப் போற்றினார். பொதுமொழிக் கருத்தை ஏற்கவில்லை. தொகுநிலை மொழி, பகுநிலை மொழி என்னும் பாகுபாடு அந்நூலிலேயே இடம்பெற்றது. 1835இல் ஜார்ஜ் கார்ன்வால் லூயிஸ் விரிவாக மறுத்தார். 1836 முதல் வெளிவந்த ஃபிரீட்ரிக் டீட்சின் ஒப்பிலக்கணம், இம்மொழிகள் யாவும் பேச்சிலத்தீனிலிருந்து தனித்தனியே கிளைத்தவை என நிலைநாட்டியது. 1818இல் தம்மைக் காணவந்த டீட்சை ரேனுவாரின் தொகுப்பின்பால் ஆற்றுப்படுத்தியவர் கவிஞர் கேத்தே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முன்னர்க் கண்ட சொல்லே மறுப்பின் அடிப்படையையும் விளக்கப் போதுமானது. ஒக்சித்தானில் ‘முர்’, இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ‘முரோ’. இலத்தீனின் இறுதி உயிரை ஒக்சித்தான் இழந்துவிட்டது; மற்ற இரண்டும் காத்துள்ளன. தாய் இழந்துவிட்ட ஒலியை மகள்கள் ஒரே சீராக மீட்டெடுத்தல் இயலாது. எனவே ஒக்சித்தான் அவற்றின் தாயன்று, உடன்பிறப்பே.

முடிவுரை

கருதுகோள் வீழ்ந்தபின்னும் தரவுகள் வாழ்ந்தன. ரேனுவாரின் மறைவுக்குப் பின், 1844இல் அவருடைய பேரகராதி ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. எமில் லெவி 1894இல் தொடங்கிய அகராதி அதற்குத் துணைநூலாகவே அமைந்தது. லெவியின் மறைவுக்குப் பின் கார்ல் அப்பெல் அதனை 1924இல் எட்டுத் தொகுதிகளாக முடித்தார். ஆயினும் அறிஞர்கள் பழம்பாடல்களைப் போற்றிய அதே காலத்தில் பேச்சுமொழி புறக்கணிக்கப்பட்டே வந்தது. 1951ஆம் ஆண்டின் டெய்சோன் சட்டமே அதற்குப் பள்ளியில் சிறிது இடமளித்தது.

இழிவுபடுத்தப்பட்ட மொழிக்கு ஏற்றம் தேடுவோர், அதனைப் பிறமொழிகளின் தாயென நாட்ட முற்படுதல் இயல்பு. ரேனுவாரும் அதற்கு விலக்கல்லர். ஆனால் ஒக்சித்தானின் பெருமை தாய்மையால் வந்ததன்று. அதன் இலக்கியத்தாலும், அவர் கண்டறிந்த நுண்ணிய இலக்கண ஒழுங்காலும் வந்தது. தாய்மை மறுக்கப்பட்டதனால் அம்மொழி இழந்தது யாதுமில்லை.