மைக் யாரைப் பார்த்து நிற்கிறது?

    

“ஒரு நகரத்தை வாழ வைப்பது வல்லுநர்களின் திட்டமா, குடிமக்களின் குரலா?” இதுதான் தலைப்பு. குடிமக்களின் குரலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு போடு போட்டார். “ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கத்தியை எடுக்கும்போது நோயாளி எழுந்து உட்கார்ந்து யோசனை சொல்லலாமா?”ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன் ஐயா. எந்தக் காலில் வலின்னாவது அந்த நோயாளியைக் கேட்கணுமா, இல்லையா? (சிரிப்பு) கேட்காம அறுத்தா, கெட்டிக்கார டாக்டர் நல்ல காலை ரொம்ப அழகா அறுத்து வச்சிருவார்! (சிரிப்பு, கைதட்டல்) நகரமும் அப்படித்தான். கத்தி பிடிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர். வலி தெரிஞ்சவர் இன்னொருத்தர்.

வாயால் பந்தல் போட நான் வரவில்லை. வரலாற்றிலிருந்து சாட்சி கொண்டு வந்திருக்கிறேன். சாட்சி கொஞ்சம் தூரத்து ஊர். நியூயார்க் மாநகரம்.

அந்த ஊரில் ராபர்ட் மோசஸ் என்று ஒருவர் இருந்தார். 1924-லிருந்து 1968 வரைக்கும், ஏறத்தாழ நாற்பத்து நாலு வருஷம், அந்த ஊர்ப் பூங்கா, பாலம், சாலை எல்லாம் அவர் கைக்குள்ளே. ஒரு கட்டத்தில் ஒரே ஆள் பன்னிரண்டு பதவி வகித்தார். ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு பதவிக்கும் அவர் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை, 1934-ல், கவர்னர் தேர்தலில் நின்றார். மண்ணைக் கவ்வினார். அத்தோடு தேர்தல் ஆசையை விட்டுட்டார், அதிகாரத்தை விடல!

எப்படி முடிந்தது? 1936-ல் டிரைபரோ பாலத்தைத் திறந்தார்கள். அந்தப் பாலத்தைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியும் சுங்கம் கட்டணும். அந்தப் பணம் அவர் தலைமையில் இருந்த ஆணையத்துக்கு வந்தது. யோசிச்சுப் பாருங்க. ஓட்டுக் கேட்டு மக்களிடம் போக வேண்டாம். காசு கேட்டு மேயரிடம் போக வேண்டாம். அப்புறம் அவர் யார் பேச்சைக் கேட்பார்?

எதிரணி நண்பர்கள் முகம் வாடுது. வேண்டாம், நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மோசஸ் சோம்பேறி இல்லை. தன் பைக்குப் பணம் சேர்த்தவரும் இல்லை. 1929-ல் ஜோன்ஸ் கடற்கரையைத் திறந்து வைத்தார். 1936-ன் ஒரே கோடையில் பதினோரு பெரிய நீச்சல் குளங்களைத் திறந்தார். நூற்றுக்கணக்கான விளையாட்டு மைதானங்கள் அமைத்தார். வேலை தெரிந்த மனிதர். அதனால்தான் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். கெட்டிக்காரர் யாரையும் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதுதானே இங்கே வழக்கு? நூற்றுக்கணக்கான மைல் சாலை போட்ட அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசி வரைக்கும் பின் சீட்டில்தான் உட்கார்ந்து போனார். (சிரிப்பு)

இனி சம்பவத்துக்கு வருகிறேன். மான்ஹாட்டனில் வாஷிங்டன் சதுக்கம் என்று ஒரு பூங்கா. பத்து ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஐந்தாவது அவென்யூ அங்கே வந்து முடிகிறது. வாசலில் ஒரு கல் வளைவு. உள்ளே குழந்தைகள் விளையாடும், கிழவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், பையன்கள் கிதார் வாசிப்பார்கள். ஏற்கெனவே ஒரு சின்னப் பாதையில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மோசஸ் என்ன சொன்னார்? அது போதாது, பூங்காவைக் குறுக்கே கிழித்துப் பெரிய சாலை போடணும்னு சொன்னார்.

1952-ல் ஷெர்லி ஹேய்ஸ் என்ற ஒரு தாய் எழுந்தார். நாலு பிள்ளை பெற்றவர். என்ஜினீயரும் இல்லை, வக்கீலும் இல்லை. பூங்காவில் நின்று கையெழுத்து வாங்கினார். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளர் அவரோடு சேர்ந்தார். ஜேக்கப்ஸிடம் கல்லூரிப் பட்டம் கிடையாது. அதே வட்டாரத்தில், ஹட்சன் தெருவில், ஒரு மிட்டாய்க் கடையாக இருந்த கட்டடத்தை வாங்கிக் குடியிருந்தவர்.

அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? சமரசம் பேச வந்தார்கள். “சாலையைக் கொஞ்சம் குறுக்கிக்கலாம். பள்ளத்தில் இறக்கி, மேலே நடைபாலம் போட்டுக்கலாம்.” நம்ம ஊரா இருந்தா, “ஏதோ அவங்களும் இறங்கி வர்றாங்க”ன்னு தலையாட்டியிருப்போம். ஷெர்லி ஹேய்ஸ் ஆட்டவில்லை. சாலை எத்தனை அடி என்பது பேச்சே இல்லை, பூங்காவுக்குள் வண்டியே வேண்டாம் என்றார். பேரத்தில் உட்கார்ந்தால் பூங்கா போய்விடும், அகலம்தான் மிஞ்சும் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது.

1958-ல் நகரத்தின் மதிப்பீட்டு வாரியத்தின் முன் விசாரணை. மேயர் உள்ளிட்டவர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கிற சபை அது. அங்கே மோசஸ் கொதித்தார். இதை எதிர்ப்பவர்கள் யாருமே இல்லை, ஒரு அம்மாமார் கூட்டத்தைத் தவிர என்று கத்திவிட்டு வெளியேறினார் என்று ஜேக்கப்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அம்மாமார் கூட்டமாம்! ஐயா, அம்மாமார் கூட்டத்தைப் பகைத்துக்கொண்டு வீட்டிலேயே காலம் தள்ள முடியாது, ஊரில் தள்ள முடியுமா? (பலத்த கைதட்டல்)

அதிகாரிகள் ஒரு பூச்சாண்டி காட்டினார்கள். பூங்காப் பாதையை மூடினால் சுற்றியிருக்கிற தெருக்களெல்லாம் வண்டி நெரிசலில் திணறும் என்றார்கள். சரி, சோதனைக்கு மூடிப் பாருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். 1958 நவம்பர் 1-ஆம் தேதி மூடினார்கள். ரிப்பன் வெட்டித் திறப்பதுதானே வழக்கம்? அன்றைக்குச் சின்னக் குழந்தைகளை வைத்து ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள்! சுற்றுத் தெருக்கள் திணறினவா? இல்லை. போக்குவரத்து கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே போனது என்று ஜேக்கப்ஸ் 1961-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் பதிவு செய்தார். வழி அகலமா இருந்தா வண்டி வரும். வழி இல்லேன்னா பாதிப் பேர் வேறு வழி பார்ப்பார்கள், மீதிப் பேர் நடப்பார்கள். வல்லுநர் கணக்கு பொய்த்தது, தாய்மார் கணக்கு பலித்தது. அடுத்த ஆண்டே அந்தப் பாதை பொது வாகனங்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

இப்போது எதிரணி நண்பர் துள்ளி எழுவார். “மக்கள் குரல்தான் ஜெயிக்கும்னா, நியூயார்க்கில் எல்லா இடத்திலும் ஜெயிச்சதா?” நல்ல கேள்வி. ஜெயிக்கவில்லை. அதையும் நானே சொல்கிறேன்.

அதே நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. அங்கே ஈஸ்ட் ட்ரிமான்ட் என்ற வட்டாரம். தையல் தொழிலாளிகளும் சிறு வியாபாரிகளும் நிறைந்த இடம். பெரும்பாலும் யூதக் குடும்பங்கள். 1952 டிசம்பரில் அவர்களுக்குக் கடிதம் வருகிறது. கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை உங்கள் வீட்டின் மேல் வருகிறது, தொண்ணூறு நாளில் காலி பண்ணுங்கள். ஒரே ஒரு மைல் நீளத்துக்கு 1,530 குடும்பங்கள்!

அங்கேயும் ஒரு குடும்பத் தலைவி எழுந்தார். லில்லியன் எடல்ஸ்டீன் என்று பெயர். அழுதுகொண்டு உட்காரவில்லை. பொறியாளர்களைப் பிடித்து மாற்று வழி வரைய வைத்தார். சாலையைச் சிறிது தூரம் தெற்கே நகர்த்திப் பூங்கா ஓரமாகக் கொண்டுபோனால் போகிற வீடு எத்தனை தெரியுமா? 19 குடும்பங்களின் வீடுதான். ஆயிரத்து ஐந்நூற்று முப்பது எங்கே, பத்தொன்பது எங்கே! ஆதரவு தருகிறோம் என்றவர்கள் கடைசி நேரத்தில் கைகழுவினார்கள். மதிப்பீட்டு வாரியம் மோசஸ் பக்கமே கை தூக்கியது. வீடுகள் இடிந்தன. சாலை வந்தது. பிழைப்பும் உறவும் சிதறின. ராபர்ட் கேரோ என்ற பத்திரிகையாளர் 1974-ல் எழுதிய மோசஸின் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்.

ஒரே ஊர், ஒரே வாரியம், ஒரே மோசஸ். அங்கேயும் ஒரு தாய், இங்கேயும் ஒரு தாய். ஏன் ஒருத்தி ஜெயித்தாள், ஒருத்தி தோற்றாள்? வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றி எழுத்தாளர்கள் இருந்தார்கள். 1955-ல் தொடங்கிய வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை இருந்தது. முன்னாள் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஆதரவு தந்தார். ஆளுங்கட்சியின் பெரிய தலைவர் அதே வட்டாரத்துக்காரர். சொந்தத் தெருவிலேயே ஓட்டுப் போயிடுமேன்னு அவருக்குப் பயம். ஈஸ்ட் ட்ரிமான்ட் தையல்காரனுக்கு யார் இருந்தார்கள்? அவனிடம் நியாயம் இருந்தது, வரைபடம் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். குரல் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கணும். இல்லாவிட்டால் செல்வாக்கு உள்ளவன் தெருவில் பூங்கா பிழைக்கும், ஏழை தெருவில் வீடு இடியும்.

கேட்கிற மாதிரி நடிப்பதும் உண்டு. கீழ் மான்ஹாட்டனுக்குக் குறுக்கே பத்து வழி விரைவுச்சாலை ஒன்றை மோசஸ் பல காலமாகத் திட்டமிட்டிருந்தார். ஏறக்குறைய 2,000 குடும்பங்களும் 800 கடைகளும் பட்டறைகளும் போகவேண்டும். 1962-ல் அதை மக்கள் நிறுத்தினார்கள். செத்த பாம்பு மறுபடி எழுந்தது. 1968 ஏப்ரலில் மாநில அதிகாரிகள் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். மேடையில் அதிகாரிகள். கீழே மக்கள். பேசுகிறவருக்கு ஒரு மைக். அந்த மைக் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது தெரியுமா? அதிகாரிகளைப் பார்த்து இல்லை. மக்களைப் பார்த்து! அதாவது, மக்களே மக்களிடம் பேசிக்கொள்ளுங்கள், எங்களைத் தொந்தரவு பண்ணாதீர்கள்! (சிரிப்பு)

ஜேக்கப்ஸ் அதைக் கவனித்தார். மேடைக்கே ஏறிவிட்டார். பின்னாலேயே சிலர் ஏறினார்கள். அமளியில் சுருக்கெழுத்து நாடா சிதறியது. பதிவே இல்லை, ஆகவே கூட்டமே நடக்கவில்லை என்றார் ஜேக்கப்ஸ். கைது செய்தார்கள். கலவரம் தூண்டினார் என்று வழக்கு. ஆனால் 1969-ல் மேயர் ஜான் லிண்ட்சே அந்தச் சாலையையே கைவிட்டார்.

எதிரணியின் கடைசி அம்பு ஒன்று இருக்கிறது. “நீங்க காப்பாத்தின அந்த வட்டாரங்களில் இன்னைக்கு வாடகை என்ன? ஏழை குடியிருக்க முடியுமா?” முடியாது. உண்மைதான். இடிபடாமல் தப்பிய சோஹோ இன்று பணக்காரர் பேட்டை. ஆனால் அதற்கு மருந்து என்ன? வாடகைக்கு இருப்பவனையும் அழைத்துக் கேட்பதா, யாரையுமே கேட்காமல் விடுவதா? ஊறுகாயில் உப்புக் கூடிப்போச்சு என்பதற்காகச் சோற்றையே கொட்டுவார்களா?

நியூயார்க் பாடம் கற்றது. 1975-ல் நகரச் சாசனத்தைத் திருத்தினார்கள். நிலப் பயன்பாட்டைப் பெரிதாக மாற்றும் திட்டம் வந்தால் வட்டாரக் குழுவிடம் போகணும், பொது விசாரணை நடக்கணும். அங்கே 59 வட்டாரக் குழுக்கள். அவர்கள் சொல்வது ஆலோசனைதான், ஆணை இல்லை. ஆனாலும் கேட்காமல் தாண்ட முடியாது.

நம்ம நாட்டில்? அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடலை உள்ளாட்சிக்கான வேலைப் பட்டியலில் முதல் இனமாக எழுதி வைத்தார்கள். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழ்கிற நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றார்கள். காகிதத்தில் மைக் நம்ம கையில் இருக்கிறது ஐயா. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான். கூட்டம் எப்போன்னு கேளுங்க. வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்க. சொன்னது பதிவாச்சான்னு பாருங்க.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட முடியாத அந்த ஊர் வாய்தான் ஊரைக் காப்பாற்றும். கோடு போடுகிறவர் வல்லுநராகவே இருக்கட்டும். எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று சொல்லும் உரிமை அங்கே குடியிருப்பவனுக்கு வேண்டும். ஆகவே, நகரத்தை வாழ வைப்பது குடிமக்களின் குரலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.