கரையோர அம்பாறையிற் கணினிக் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொடுத்து நிற்கின்றன. அதற்கப்பால் தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் எனத் தமிழ்க் கிராமங்கள் தொடர்கின்றன. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே நெல்வயலும் கடலும் மருதமுனையின் நெசவும் வணிகமும் மக்களின் வாழ்வாதாரங்களாக இருந்துவந்துள்ளன. இவற்றிற்குப் புறம்பான தொழிலை நாடிய இளைஞனுக்கு நீண்டகாலமாகத் தெரிந்த வழி அரசாங்க உத்தியோகம் ஒன்றே. ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ நியமனம் பெறுதலே படிப்பின் பயன் எனக் கருதப்பட்டது. இன்று அதே ஊர்களின் மாணவர் பலர் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயின்று தொழிலுக்குத் தம்மை ஆயத்தஞ்செய்ய விழைகின்றனர். இம்மாற்றம் கணினி என்னும் பொறியினால் மட்டும் விளைந்ததன்று. போதனாமொழி, பல்கலைக்கழக அனுமதி, கல்வி நிறுவனத்தின் அமைவிடம் ஆகிய மூன்று பிரச்சினைகளின் வரலாறு அதன் பின்னணியில் உள்ளது. அவற்றுள் இரண்டு ஓரளவு தீர்வு கண்டன. ஒன்று இன்னும் தீரவில்லை.

இக்கரையிற் பிறந்தோர் விஞ்ஞானம் பயில்வது புதுவதன்று. காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான தகைமைச் சான்றிதழ் பெற்று, 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவரை முத்தமிழ்ப் புலவராகவே பலரும் போற்றுவர். ஆயின் 1930களில் தமிழகத்தில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் அவர் முன்னின்று உழைத்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தில் விஞ்ஞானத்தைக் கற்றுத் தேறிய ஒருவர் அதைத் தமிழிற் சொல்லவேண்டிய தேவையை உணர்ந்தமை இங்கு கருதற்பாலது.

1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் கிராமப் பாடசாலைகளில் உயர்வகுப்புகள் பெருகின. 1960ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. இதனால் ஆங்கிலம் அறியாத குடும்பங்களின் பிள்ளைகளும் பட்டதாரிகளாயினர். இது பெரும்பேறெனினும், அதனோடு ஒரு பிளவும் தோன்றிற்று. கலைத்துறை தாய்மொழியிலும், மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியன ஆங்கிலத்திலும் நிலைத்தன. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத கிராமத்து மாணவன் கலைத்துறையையே நாடினான். நாடெங்கும் கலைப்பட்டதாரிகள் தொகையாக வெளிவந்த வேளையில் அவர்களுக்கேற்ற தொழில்கள் அதே வேகத்திற் பெருகவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் காரணங்களுள் கற்ற இளைஞரின் வேலையின்மையும் ஒன்றென ஆய்வாளர் கொள்வர். பட்டம் பெறுதலும் தொழில் பெறுதலும் ஒன்றல்ல என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

அனுமதி முறையின் வரலாறு இதனினும் கசப்பானது. 1970ஆம் ஆண்டிற் சில பீடங்களுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதலான புள்ளிகள் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. அதன்பின் தரப்படுத்தல் வந்தது. 1974ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. யாழ்ப்பாண மாணவருக்கு இவை பேரிழப்பாயின. தமிழ் இளைஞரின் அரசியல் விரக்திக்கு அவை வித்திட்டன. அதேவேளை 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவருக்கு மாவட்ட ஒதுக்கீட்டினாற் புதிய வாய்ப்பும் கிட்டியது. ஒரே மொழி பேசும் மக்களுள் ஒருசாராருக்குக் கதவடைப்பாகவும் மறுசாராருக்குக் கதவு திறப்பாகவும் ஓர் ஏற்பாடு அமைந்தமையை வரலாற்று மாணவர் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். இன்றைய முறையிற் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று.

இக்காலத்திற் கணினி கொழும்பில் வேரூன்றிக்கொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டில் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கணினிப் பொறியியலுக்கெனத் தனித்துறை தோன்றியது. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் 1987ஆம் ஆண்டிற் கணினித் தொழினுட்ப நிறுவனம் அமைந்தது; அது 2002ஆம் ஆண்டிற் கணினிக் கல்லூரியாக விரிவுபெற்றது. தலைநகரில் இவ்வளவும் நிகழ்ந்த ஆண்டுகளிலே கிழக்கில் போர் மூண்டிருந்தது. மின்சாரமும் போக்குவரத்தும் உயிர்ப்பாதுகாப்பும் நிச்சயமற்ற ஊர்களுக்குக் கணினிக் கல்வி எட்டாத்தொலைவில் இருந்ததில் வியப்பில்லை.

கிழக்கின் முதலாவது பல்கலைக்கழக நிலையம் 1981ஆம் ஆண்டில் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990களின் தொடக்கத்திற் போரும் தமிழ் முஸ்லிம் உறவின் சீர்குலைவும் முஸ்லிம் மாணவர் அங்கு தொடர்ந்து பயில இயலாத நிலையை உருவாக்கின. இந்நிலையில், கல்முனையில் வளர்ந்தவரும் அன்றைய அமைச்சருமான எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995ஆம் ஆண்டிற் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. அட்டாளைச்சேனையில் தற்காலிகக் கட்டடங்களிற் கற்பித்தல் தொடங்கியது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் அது முழுமையான பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டு, ஒலுவிலை நிலைக்களமாகக் கொண்டது. ஓர் இனத்தவரின் இடர்ப்பாட்டிற் பிறந்த இந்நிறுவனம் பின்னர் முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் ஒருங்கே பயிலும் இடமாக வளர்ந்தமை அதன் சிறப்பாகும்.

முதலிற் கலையும் வணிகமும் கற்பித்த இப்பல்கலைக்கழகத்திற்குச் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் வாய்த்தது; பின்னர்ப் பொறியியல், தொழினுட்ப பீடங்களும் ஒலுவிலில் எழுந்தன. இதனாற் கணினி விஞ்ஞானமும் தகவல் தொழினுட்பமும் இக்கரையிலேயே கற்கத்தக்க பாடங்களாயின. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஆரம்பித்த தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டமும் பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோருக்கு இன்னொரு வழியைத் திறந்தது. அனுமதியும் அமைவிடமும் இவ்வாறு ஓரளவு எளிதாயின.

எனினும் கணினி விஞ்ஞானம் என்பது யாது என்பதிற் பெற்றோரிடத்தும் மாணவரிடத்தும் தெளிவின்மை நிலவுகின்றது. சில மென்பொருள்களை இயக்கப் பழகுதல் வேறு. அவற்றை ஆக்கும் அறிவைப் பெறுதல் வேறு. முன்னையது சில மாதப் பயிற்சியிற் கைகூடும். பின்னையதற்குக் கணிதமும் தருக்கமும், தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறைகளும், ஒரு சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் நெறியும் வேண்டும். தொழில்நிலையங்கள் விரும்பும் நிரல்மொழிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. கோபோல் கற்றோர் ஜாவாவையும் கற்க நேர்ந்தது. அடிப்படையைக் கற்றவன் மாற்றத்தோடு செல்வான். கருவியை மட்டும் கற்றவன் அக்கருவியோடு பின்தங்குவான்.

இவ்வறிவின் பெறுமதியை இக்கரை ஒரு பேரிடரின்போது கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகக்கூடிய உயிரிழப்பு அம்பாறையிலேயே நேர்ந்தது. காணாமற்போனோர் யார், முகாம்களில் இருப்போர் யார், எங்கே எப்பொருள் தேவை என அறிய முடியாது நிருவாகம் தடுமாறிய வேளையில், இலங்கை மென்பொருளாளர் பலர் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களுள் சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். சஹானா என்பது நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதாக வெளியிடப்பட்ட அது, 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. கணினிப் படிப்பு சம்பளத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை. அதே வேளை, இத்தகைய திறன் படைத்தோர் தலைநகரிலேயே செறிந்திருந்தனர் என்பதையும் அது உணர்த்திற்று.

இனி எஞ்சி நிற்பது மொழிப் பிரச்சினை. க.பொ.த. உயர்தரம் வரை தமிழிற் கணிதமும் பௌதிகவியலும் கற்ற மாணவன் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலேயே ஆங்கில விரிவுரையையும் ஆங்கில நூலையும் எதிர்கொள்கிறான். தருக்கத்தில் வல்லவனாயினும், கேட்ட வினாவை விளங்கிக்கொள்ளுமுன் நேரம் கழிந்துவிடுகின்றது. நகர்ப்புறத்து ஆங்கிலப் பின்னணியுடையோனுக்கும் வினாயகபுரத்து மாணவனுக்கும் இடையே உள்ள தூரம் அறிவின் தூரமன்று, மொழியின் தூரமே. தொழிலுலகம் ஆங்கிலத்தை வேண்டுவதால் அதனைக் கல்லாதிருத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். ஆனால் ஆங்கிலம் கற்கும்வரை கருத்தைத் தள்ளிவைத்தலும் பொருந்தாது. கருத்தைத் தமிழில் தெளிவித்து, கலைச்சொல்லை இருமொழியிலும் பயிற்றி, ஆங்கிலத்தைப் பாடசாலைக் காலத்திலேயே உறுதியாகக் கற்பித்தலே செய்யத்தக்கது. இப்பணி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் விரிவுரையாளருக்கும் உரியது. கலைச்சொல்லாக்கத்தைக் கவிதைக்குப் புறம்பான பணியாகக் கருதாத விபுலாநந்தரின் வழியும் அதுவே.

அனுமதிக்காகப் போராடிய ஒரு தலைமுறையும், ஊருக்கருகே ஒரு பல்கலைக்கழகத்திற்காக உழைத்த மற்றொரு தலைமுறையும் தத்தம் கடமையைச் செய்துள்ளன. நுழைந்த மாணவன் பாதிவழியில் இடறாது, பிறர் ஆக்கியதை இயக்குபவனாக நின்றுவிடாது, தானும் ஆக்குபவனாக வெளியேறச் செய்தல் இன்றைய தலைமுறையின் கடமையாகும்.