அச்சத்தை ஆராய்ந்த வரலாறு

அஞ்சுபவனை ‘அஞ்சாதே’ என்று தேற்றுதல் எளிது. அச்சத்தின் வேரைக் காண்டலே அரிது. 1924இல் அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்னும் குழந்தைக்கு விருப்பமான உணவை ஊட்டியவாறே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்தார், அச்சம் அகன்றது. 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே தம் நூலில், அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வகுத்துரைத்தார்.

ஆயினும், அச்சுறுத்தும் எண்ணத்தை நேரே ஆராய்தலும் வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் 1960களில் மனச்சோர்வுற்றோரிடையே அப்பணியைத் தொடங்கிய மருத்துவர் ஆரன் பெக், பின்னர் அதனை அச்ச நோய்க்கும் விரித்து, 1985இல் கேரி எமரியுடன் நூலாக்கினார். நெஞ்சு படபடத்தால் ‘மாரடைப்பு’ என மனம் முடிவு கட்டுகிறது. அம்முடிவே படபடப்பை வளர்க்கிறது. அதனைச் சான்று கொண்டு சோதிக்க நோயாளி பழகுகிறார். மருத்துவர் துணை நிற்கலாம். அச்சத்தை நோக்கி முதலடி எடுத்துவைக்க வேண்டியவர் நோயாளியே.