பிரெப் மருந்தும் புதிய எச்.ஐ.வி. தொற்றும்

எச்.ஐ.வி. இல்லாதவர், தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து பிரெப். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபின் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிட்டால் உடலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கும். அமெரிக்கா 2012இல் இதை ஏற்றது. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இருந்தும் 2023இல் உலகில் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது.

இந்தியாவின் முதல் தொற்று 1986இல் சென்னையில்தான் தெரியவந்தது. மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். இன்று தமிழ்நாட்டின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். தொற்றியவருக்குக் கூட்டு மருந்தும் 2004 முதல் இலவசம். பிரெப்பையோ பெரும்பாலும் கைக்காசு போட்டே வாங்க வேண்டியிருக்கிறது.

விலையை விடப் பெரிய தடை கூச்சம். நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் மருந்துக்கடைக்காரருக்கு வாங்குபவரின் வீடும் உறவும் தெரிந்திருக்கும். முப்பது மாத்திரை உள்ள டப்பாவைக் கூட்டுக் குடும்பத்தில் எந்த அலமாரியில் வைப்பது? யாராவது பார்த்தால், தடுப்பு மருந்து நோய்க்கான மருந்தாகவே பேசப்படும். மூன்று மாதத்துக்கொருமுறை எச்.ஐ.வி. சோதனையும் அவசியம். தமக்கு ஆபத்து உண்டென்றே நினைக்காத மனைவியர் இம்மருந்தைக் கேட்டுப் போவதில்லை; அவர்களிடம் யாரும் சொல்வதுமில்லை. இது மிகப் பெரிய குறை.

ஆண்டுக்கு இரண்டே முறை ஊசியாகப் போடும் லெனகாபவிர் மருந்தை இதே தடுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. வீட்டில் ஒளித்துவைக்க டப்பா ஏதும் இராது.